ஜாடிக்குப் போகாத வளையம்

ஃப்ரிட்ஜ் வாங்கச் சேர்த்த சீட்டுப் பணத்தில் கொய்யாக்காய் அளவுக்கு ஒரு கண்ணாடிக் குழலை வாங்கியவன் நான். அந்தக் காலத்தில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் நடத்திக்கொண்டிருந்தேன் என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் வெட்கம் முழுமையடையும். விலை வேறு, மதிப்பு வேறு என்று ஒவ்வொரு ஜூன் மாதமும் புது மாணவர்களுக்குக் கரும்பலகையில் கோடு போட்டு விளக்குவேன். அந்தக் கோட்டில் நான் எந்த இடத்தில் நிற்கிறேன் என்பது என் மனைவிக்கு மட்டும் தெரியும்.

குழல் என்றது தொலைநோக்கியின் ஐபீஸை. நாம் கண்ணை வைக்கிற இடத்தில் செருகுவது. தொலைநோக்கியை நானே செய்திருந்தேன்: போர்வெல்லுக்கு இறக்கும் பி.வி.சி. குழாய், அடியில் ஆறங்குலக் கண்ணாடி, லேத் பட்டறையில் சொல்லிச் செய்த இரும்புக் கால். கல்லூரி ஆய்வகம் கழித்துப்போட்ட மைக்ராஸ்கோப்பின் ஐபீஸை அதில் செருகி, நிலாவைப் பார்த்து நிம்மதியாக இருந்தவன், வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றைப் படித்துக் கெட்டுப்போனேன். ஏழு வில்லைகள் கொண்ட உயர்ரக ஐபீஸ் வழியாகப் பார்க்காதவன் வானத்தைப் பார்த்தவனே அல்ல என்று அதில் எழுதியிருந்தது. அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்த பெரியம்மா மகன் அதைக் கொண்டுவந்து கொடுத்தான். விலையைக் கேட்டு நான் அதிர்ந்ததைவிட, நான் கொடுத்துவிட்டதைக் கண்டு அவன்தான் அதிகம் அதிர்ந்தான்.

பார்வையின் ஓரம் வரைக்கும் ஊசிமுனை போலத் தெளிவாகத் தெரியும், அதுதான் இதன் விசேஷம் என்று என் மனைவியிடம் விளக்கினேன். அவள் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, சனி எங்க தெரியும்? நடுவுலயா, ஓரத்துலயா?"

"நடுவுலதான்."

"அப்புறம் ஓரத்துக்கு எதுக்குங்க அத்தன காசு?"

உலகம் முழுக்கத் தொலைநோக்கிக்காரர்கள் வருஷக்கணக்காக அடித்துக்கொள்ளும் விவாதத்தை, பால் பொங்குவதற்குள் அவள் முடித்துவிட்டாள். சனியின் பார்வை நம்மேல் படக்கூடாதென்று ஊரே எள்விளக்கு ஏற்றிக்கொண்டிருக்க, சனியைத் தேடிப் போய்ப் பார்க்க ஒரு ஃப்ரிட்ஜைக் கொடுத்த ஆள் நான் ஒருவன்தான் என்பதையும் சொன்னாள். பெங்களூரில் ஒருவர் அதே விலைக்கு வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தார். ஞாயிற்றுக்கிழமை கோவை வருகிறார். அதற்குள் முடிவு செய்ய வேண்டும்.

"நீங்களும் நானும் பேசி ஒண்ணும் ஆகாது. அக்காகிட்டக் குடுப்போம். வெலைக்குத் தகும்னு அவங்க சொன்னா வெச்சுக்கங்க. இல்லீன்னா பெங்களூருக்காரருக்கு."

அதற்குப் பெங்களூர்க்காரரே தேவலை என்று எனக்குத் தோன்றியது. காரணம், அக்கா எதையும் வெளியிலிருந்து பார்த்துச் சொல்கிற ஆள் இல்லை.

அக்கா என்றால் உடன்பிறந்த அக்கா அல்ல. பீளமேட்டில் நாங்கள் குடியிருந்த ஓட்டு வீட்டுக்கு எதிரே இருந்த மாடி வீட்டுக்காரர். பம்ப் செட் கம்பெனிக் குடும்பம். கணவர் காலமான பிறகு கம்பெனியைக் கொழுந்தனார் பார்த்துக்கொண்டார், வீட்டை அக்கா பார்த்துக்கொண்டார். அக்கா பார்ப்பதென்றால் கழற்றிப் பார்ப்பது. இடுப்புச் சாவிக்கொத்தில் சாவிகளோடு ஒரு குட்டி ஸ்க்ரூ டிரைவரும் தொங்கும். எல்லோரிடமும் ஊர்த்தமிழ் பேசுவார். வீட்டுத் தெலுங்கைத் திருகாணிகளுக்கென்று வைத்திருந்தார். துருவேறிய ஒன்று மசியாவிட்டால் "ரா நாயனா, ரா" என்று கொஞ்சுவார். வந்துவிடும்.

எங்கள் ஊரில் இந்த வியாதி புதிதல்ல. வெளியூரிலிருந்து எந்த மெஷின் வந்து இறங்கினாலும், ஓட்டிப் பார்க்கும் முன் பிரித்துப் பார்க்கிற ஊர் இது. ஆனால் மற்றவர்கள் பிரிப்பது அதைப்போல் இன்னொன்று செய்வதற்கு. அக்கா பிரிப்பது நியாயம் கேட்பதற்கு.

"வெலைய வெளிய எழுதியிருக்கான். அதுக்குக் காரணம் உள்ள இருக்கோணுமில்லீங்க?" என்பார்.

நாங்கள் குடிவந்து பால் காய்ச்சிய அன்றே எங்களுக்கு இது புரிந்தது. ஒரு தட்டில் பழமும் பூவும் கொண்டுவந்தவர், சமையலறையில் என் மாமனார் வீட்டுச் சீராக வந்த மிக்ஸியைப் பார்த்தார். "புதுசுங்களா? சித்த எடுத்துட்டுப் போயிட்டு வாரேன்" என்றார். வந்த முதல் நாளே எதிர்வீட்டுக்காரரை மறுப்பது எப்படி என்று நாங்கள் யோசித்து முடிப்பதற்குள் மிக்ஸி தெருவைத் தாண்டிவிட்டது. மறுநாள் காலை திரும்பி வந்தது. கூடவே ஒரு காகிதப் பொட்டலம். பிரித்தால் இரண்டு திருகாணியும் ஒரு வாஷரும்.

"இதெல்லாம் என்னங்க அக்கா?" என்றாள் என் மனைவி.

"மிச்சமுங்க அம்மணி. ஓட்டிப் பாருங்க."

ஓட்டினோம். ஓடியது.

"ஓடுதில்லீங்க? அப்ப இது மூணும் உங்கப்பாகிட்டச் சேத்து வாங்கின காசு" என்று சொல்லி, பொட்டலத்தைத் தானே திருப்பி வாங்கிக்கொண்டார். என் மனைவி அன்றைக்கே அவருடைய பக்தை ஆகிவிட்டாள்.

அந்தப் பொட்டலம் போய்ச் சேர்ந்த இடத்தைப் பிறகு பார்த்தேன். அவருடைய சாப்பாட்டு மேஜையில், ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில், அதே மாதிரி இன்னொரு ஜாடி. உள்ளே திருகாணி, வாஷர், ஸ்பிரிங், பெயர் தெரியாத தகடுகள். அந்தத் தெருவில் இருந்த மின்விசிறி, அயர்ன் பாக்ஸ், கிரைண்டர், டேப் ரிக்கார்டர் எல்லாம் ஆளுக்குக் கொஞ்சம் உறுப்புதானம் செய்திருந்தன. விருந்தாளிகள் தப்பான ஜாடியைத் திறந்துவிடுவதும் உண்டு. "அது ஊறுகாயில்லீங்க, நாம ஏமாந்தது" என்று மாற்றிக் கொடுப்பார்.

ஒருமுறை கண்காட்சியில் வெளிநாட்டுப் பஞ்சுத் தலையணை என்று ஒருவன் யானை விலைக்கு விற்றுக்கொண்டிருந்தான். அக்கா ஒன்றை வாங்கினார். பணம் கொடுத்து ரசீதும் வாங்கிய பிறகு, அவன் மேஜை மேலேயே வைத்து, அவன் கத்தரிக்கோலாலேயே கிழித்தார். உள்ளே வண்ண வண்ணமாக நூல் கழிவு. ஒரு பிடி எடுத்து அவன் மூக்குக்கு முன் நீட்டி, "இது நம்ம பக்கத்துச் சோமனூருத் தறி வேஸ்ட்டுங்க கண்ணு. வெளிநாடுன்னா நீங்க அவிநாசி ரோட்டத் தாண்டினதச் சொல்றீங்களா?" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. அந்த மரியாதைதான் அவனை அதிகம் கலக்கியிருக்க வேண்டும். அன்று மாலையே கடையைக் காலி செய்துவிட்டான்.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். கொழுந்தனார் மகளைப் பெண் பார்க்க வந்த அன்று நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். மாப்பிள்ளையின் அப்பா பையனின் கைக்கடிகாரத்தைக் காட்டி, சுவிட்சர்லாந்து என்றும், விலை இன்னது என்றும் சபையில் சொன்னார். சொல்லியிருக்கக் கூடாது. "குடுங்க தம்பி, பாத்துட்டுத் தாரேன்" என்று அக்கா வாங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனார். கொழுந்தனார் முகம் வெளுத்தது. காப்பி வந்தது, கேசரி வந்தது, கடிகாரம் வரவில்லை. கடைசியில் அக்கா வந்து, அதை மாப்பிள்ளை கையில் வைத்துவிட்டு, நிறைந்த சபையில் சொன்னார்: "உள்ள சாதா பேட்டரி மெஷினுதானுங்க. மாப்பிள்ளை தங்கம். அவரப் பாத்தாலே தெரியுது. வாட்சுலதான் ஏமாத்திப்போட்டாங்க."

முதலில் சிரித்தது மாப்பிள்ளை. கல்யாணம் நடந்தது. கடிகாரம் அதன் பிறகு கொஞ்சம் முந்தி ஓட ஆரம்பித்ததாகவும், அதனால் அவர் தினமும் ஆபீசுக்கு முதல் ஆளாய்ப் போய் நல்ல பெயர் வாங்கியதாகவும் அக்கா சொல்வார். ஜாடியில் ஒரு பொடி ஸ்பிரிங்கைக் காட்டி, "இதுதானுங்க அவரப் பின்னாடி இழுத்துட்டு இருந்தது" என்பார்.

பெங்களூர்க்காரரே தேவலை என்று எனக்கு ஏன் தோன்றியதென்று இப்போது விளங்கியிருக்கும். ஏழு வில்லைகளில் அக்காவுக்கு எத்தனை மிச்சமாகும் என்பதுதான் என் கவலை.

நானே போய்ப் பேசிவிடுவது நல்லது என்று வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். எங்கள் ஓட்டு வீட்டில் இடமில்லாததால் என் தொலைநோக்கி அவருடைய மொட்டை மாடியில்தான் நின்றது. அந்த உரிமையில், "அக்கா, அதை நீங்க கண்ணை வெச்சுப் பாக்கலாங்க. தொறக்க மட்டும் கூடாதுங்க" என்றேன். நோயாளியைத் தொடாமல் வைத்தியம் பார் என்று சொன்ன மாதிரி என்னைப் பார்த்தார்.

"தொறக்காம எப்படியுங்க சொல்றது தம்பி?"

"பாத்தாலே தெரியுங்க."

"பாத்தாத் தெரியறது ஆளுக்கு ஆள் மாறுமில்லீங்க. உள்ள இருக்கறது மாறாது."

வீட்டுக்கு வந்து ஐபீஸை அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தேன். அரிசி டின்னை ஒரு நாளில் இரண்டு வேளை திறக்கிறவள் யார் என்பதை நான் யோசிக்கவில்லை.

சனிக்கிழமை மாலை கல்லூரியிலிருந்து டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து சேர்ந்தபோது, என் மனைவி வாசலில் கார்த்திகை விளக்கு வைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்: "உங்க சாமானைக் காலைலயே அக்காகிட்டக் குடுத்துட்டேனுங்க."

அப்படியே திரும்பித் தெருவைத் தாண்டி ஓடினேன்.

அக்கா சாப்பாட்டு மேஜையில் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்திருந்தார். அதன்மேல் வரிசையாக வில்லைகள். பெரியது, சிறியது, பட்டை தீட்டிய கண்ணாடிக் கட்டிகள், கறுப்பு வளையங்கள், மணிமணியாகத் திருகாணிகள். மேஜை விளக்கு வெளிச்சத்தில் எல்லாம் நகைக்கடை மாதிரி மின்னின. பக்கத்தில் அந்த ஜாடி, மூடி திறந்தபடி. அக்கா ஒரு வளையத்தை விரல் நுனியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் இரண்டிரண்டாக இருந்ததை, கணக்கு தெரிந்த எவனும் கவனித்திருப்பான். நான் கவனிக்கவில்லை.

"என்ன பண்ணி வெச்சிருக்க? அறிவிருக்கா?" என்றேன்.

கோயமுத்தூருக்கு வெளியே வளர்ந்தவர்களுக்கு இது சாதாரணக் கேள்வியாகத் தெரியலாம். இங்கே நாய்க்குட்டியை விரட்டுவதற்கும் 'போங்க' என்று சொல்கிற வீடுகள் உண்டு. என்னைவிட இருபது வயது மூத்தவரிடம் ஒருமையில் கத்திவிட்டேன். சமையலறையில் பாத்திரம் துலக்கும் சத்தம் நின்றது. நான் பேசியதைக் கேட்டு நானே திடுக்கிட்டேன். ஆனாலும் நிறுத்தவில்லை. பூட்டி வைக்க வேண்டியது ஜாடியை அல்ல, உன்னைத்தான் என்பது வரைக்கும் போனேன்.

அக்கா கோபப்படவில்லை. முகம் மட்டும் ஒரு மாதிரி ஆனது. எழுந்து, அலமாரி இழுப்பறையைத் திறந்து, என் ஐபீஸை எடுத்து நீட்டினார்.

"இந்தாங்க தம்பி. தண்ணி குடிக்கறீங்களா?"

ஐபீஸ் முழுசாக இருந்தது. அப்படியானால் மேஜைமேல் இருப்பதெல்லாம் மிச்சம் என்றல்லவா அர்த்தம்? என் மூளை அந்த நேரத்தில் அப்படித்தான் ஓடியது. தண்ணீரை மறுத்துவிட்டு மொட்டை மாடிக்கு ஓடினேன். அக்கா பின்னாலேயே ஏறி வந்தார். கிழக்கே, தென்னை மரங்களுக்கு மேலே, சனி தெரிந்தது. ஐபீஸைச் செருகி, குழாயைத் திருப்பி, கண்ணை வைத்தேன்.

போச்சு. எல்லாம் போச்சு. வளையம் இருந்தது, ஆனால் சோர்ந்துபோய். வளையத்தின் நடுவே ஓடும் அந்த மெல்லிய கறுப்பு இடைவெளி, செவ்வாய்க்கிழமை நான் பார்த்து மெய்சிலிர்த்தது, இல்லவே இல்லை. சனியை ஓரத்துக்குத் தள்ளிப் பார்த்தேன். தோசை ஓரம் மாதிரி பிசிறியது. ஒவ்வொன்றாக வாய்விட்டுச் சொன்னேன். வில்லையின் பூச்சில் விரல் பட்டிருக்கிறது, மூன்றாவது வில்லை திரும்பி உட்கார்ந்திருக்கிறது, இடைவெளி மாறிவிட்டது. பத்திரிகையில் படித்த சொல் ஒன்றுகூட வீணாகவில்லை. பெங்களூர்க்காரர் நாளைக்கு வந்து இதைக் கையால்கூடத் தொடமாட்டார், ஃப்ரிட்ஜும் போச்சு, சனியும் போச்சு என்று முடித்தேன்.

"சொல்லி முடிச்சுட்டீங்களா தம்பி?" என்றார் அக்கா.

"ம்."

"அதை நான் தொறக்கலீங்க."

நான் கண்ணை எடுக்காமல் அப்படியே நின்றேன். எடுத்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்.

"கீழ இருக்கறது எங்க ஊட்டுக்காரரோட பைனாகுலருங்க. ஊட்டி ரேசுக்குன்னு ஜெர்மனியில இருந்து வரவெச்சாரு. அவரு பணங்கட்டின குதிரை ஒரு தடவைகூட ஜெயிச்சதில்ல. தோக்கறது மட்டும் அதுல நல்லாத் தெரிஞ்சதுங்க." கொஞ்சம் சிரித்தார். "இந்த ஊட்டுல நான் தொறக்காத சாமான் அது ஒண்ணுதானுங்க இருந்தது. அவரு கண்ணுக்குத் திருகி வெச்ச மாதிரியே இருந்தது. உங்க சாமானுக்கு வெல சொல்லோணுமே, கண்ணாடிச் சாமானுன்னா உள்ள எப்படித்தான் இருக்கும்னு பாக்கலாமுன்னு மத்தியானம் கழட்டினேன். மறுபடி மாட்டினேன். ஒரு வளையம் மிச்சமாயிருச்சு."

"பாத்தீங்களா?" என்றேன். 'ங்க' திரும்பி வந்திருந்தது.

"பாத்தேன். எல்லாம் ரெண்டாத் தெரியுதுங்க. தென்னமரம் ரெண்டு. கோபுரம் ரெண்டு. மறுபடி கழட்டினேன், மறுபடி மாட்டினேன். ரெண்டுதான்."

அவர் உள்ளங்கையை விரித்தார். அந்தக் கறுப்பு வளையம் இருந்தது, ஒரு வெள்ளிக்காசு அளவுக்குக்கூட இல்லை. நான் உலகத்திலேயே முட்டாள்தனமான கேள்வியைக் கேட்டேன்: "இதை ஜாடியில போடலீங்களா?"

"இது ஜாடியில போடற சாமானில்லீங்க தம்பி. இது இல்லாம ஓட மாட்டேங்குது."

மறுபடி ஐபீஸில் கண்ணை வைத்தேன். ஏதாவது செய்ய வேண்டியிருந்தது. சனி நடுவில் நின்றது. வளையத்தின் நடுவே கறுப்பு இடைவெளி, பேனாவால் கீறிய மாதிரி. ஓரத்துக்குத் தள்ளினேன். அங்கேயும் ஊசிமுனை. ஐபீஸை நான் தொடவில்லை, அக்கா தொடவில்லை, சனி நிச்சயமாக எதையும் செய்யவில்லை. இடையில் மாறியது அக்கா சொன்ன ஒரு வாக்கியம்தான். ஒரு ஃப்ரிட்ஜைக் கொடுத்து வாங்கிய ஏழு வில்லைகளுக்குப் பின்னால், எட்டாவதாக நான் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது என் மனைவி படியேறி வந்தாள். கத்தியது தெரு வரைக்கும் கேட்டிருக்க வேண்டும். யாரையும் எதுவும் கேட்காமல் குனிந்து தொலைநோக்கியில் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, "என்னங்க அக்கா சொல்றீங்க? நாளைக்குக் குடுத்தறலாமுங்களா?" என்றாள்.

நான் அக்காவைப் பார்த்தேன். இவன் கண்ணுக்கு நல்லதும் கெட்டதும் ஒன்றுதான், மைக்ராஸ்கோப் ஐபீஸே போதும் என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்வதற்கு எல்லா நியாயமும் இருந்தது. கால் மணி நேரத்துக்கு முன் நான் அவருக்கு அறிவிருக்கிறதா என்று விசாரித்திருந்தேன்.

"வெச்சுக்கட்டும் அம்மணி," என்றார் அக்கா. "வெலைக்குத் தகும். ஃப்ரிட்ஜுக்கு இன்னொரு சீட்டுப் போட்டுக்கலாம்." சொல்லிவிட்டு வளையத்தைச் சேலை முந்தானையில் முடிந்துகொண்டு கீழே இறங்கிப்போனார். அந்த வீட்டுக்கு எதிரே நாங்கள் குடியிருந்த காலம் முழுக்க நான் அந்த ஜாடியை எட்டிப் பார்த்திருக்கிறேன். அந்த வளையம் அதில் சேரவே இல்லை. பைனாகுலரும் பிறகு அலமாரியில்தான் இருந்தது, இரண்டிரண்டாகக் காட்டிக்கொண்டு.

வீட்டுக்குத் திரும்பும்போது நான் உணர்ச்சிவசப்பட்டிருந்தேன். நடுத்தெருவில் நின்று என் மனைவிக்கு விளக்கினேன். இந்த மனுஷியைப் பார், வாழ்நாள் முழுக்க எதைக் கண்டாலும் திறந்தவர். அந்தப் பைனாகுலரைத் திறந்து இழந்த பிறகுதான், சில பொருள்களைத் திறக்கக் கூடாது என்று அவருக்குப் புரிந்திருக்கிறது. அந்த மரியாதையால்தான் என் ஐபீஸைத் தொடாமல் விட்டார். விலைக்கும் மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை நான் எத்தனையோ வருஷமாகக் கரும்பலகையில் சொல்லத் தவறியிருக்கிறேன், அவர் ஒரு வளையத்தில் சொல்லிவிட்டார். இப்படி இன்னும் கொஞ்சம் பேசினேன்.

என் மனைவி பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். வாசல் விளக்கில் எண்ணெய் குறைந்திருந்தது, அதற்கு ஊற்றினாள்.

"மரியாதையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. காலைல நாங்க ரெண்டு பேருஞ் சேந்துதான் திருகினோம். ஈரத்துணி சுத்திப் பாத்தோம், கொறடு போட்டுப் பாத்தோம், கதவிடுக்குல வெச்சுக்கூடத் திருப்பிப் பாத்தோம். அசையவே இல்ல. இத்தன இறுக்கமா மூடிக் குடுக்கறதுக்குத்தான் அவன் அந்த வெலை வாங்கறான்னாங்க அக்கா."